ஐந்தாம் பாடத்தின் கடைசிக் கட்டம்

1

இங்கே மரங்களில் இலை பழுக்கத் தொடங்கும்போது எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். உங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறது, இவ்வருடத் தொடர்கல்வியை முடித்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கும். மிகவும் மரியாதையான கடிதம். முடிக்காவிட்டால் வேலை செய்ய முடியாது என்பதையும் அதே மரியாதையோடு கடைசி வரியில் சொல்லியிருப்பார்கள்.

நான் கனடாவில் ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். இரண்டரை வயதிலிருந்து நான்கு வயது வரையான பிள்ளைகள் என் அறையில் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள எனக்கு அரசாங்க உரிமம் உண்டு. இதை முதன்முதலில் இலங்கை மலைநாட்டில், வட்டவளையில் இருக்கும் என் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னபோது, "லைசன்சு பஸ் ஓட்டத்தானே குடுப்பாங்க, புள்ள பாக்கவுமா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். நானும் கூடவே சிரித்தேன். அந்த உரிமத்தோடு என்னவெல்லாம் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தொடர்கல்வியில் பல தலைப்புகள் இருக்கின்றன. முதலுதவி, உணவு ஒவ்வாமை, கை கழுவும் முறை எல்லாம் எனக்குக் கஷ்டமில்லை. ‘புரொபஷனலிசம்’ என்ற ஒன்றுதான் ஒவ்வொரு முறையும் என்னைப் பாடாய்ப் படுத்தும். தொழிலுக்குரிய நடத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் எட்டுப் பாடங்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் சிரித்த முகத்தோடு விளக்குவார். பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுக்கக் கூடாது. பெற்றோர் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்குப் போகக் கூடாது. உங்கள் அறையில் இருக்கும் பிள்ளையை லீவு நாளில் உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. பெற்றோரிடம் அன்பாக இருக்கலாம், சினேகிதமாகிவிடக் கூடாது. பாடம் முடிந்ததும் பத்துக் கேள்விகள். கேள்விகளுக்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம். ‘உங்கள் அனுபவத்திலிருந்து எழுதுங்கள்’ என்று அதன் தலையில் போட்டிருக்கும். இருநூறு சொற்களுக்குக் குறையக் கூடாது.

இந்த வருட மின்னஞ்சல் போன வாரம் வந்தது. அதன் பின்னாலேயே எங்கள் பொறுப்பாளர் டெப்ரா எழுதியிருந்தார். புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்கு ஒரு பயிற்சி நாள் வைக்கிறார்களாம். அதில் போன வருடத்து என் அனுபவத்தைப் பற்றி நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். நான் காட்டிய துணிச்சல் அவர்களுக்கு ஒரு முன்மாதிரியாக இருக்குமாம்.

அந்தத் துணிச்சல் என்ன என்பதை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அங்கே என்னால் சொல்ல முடியாது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதுவும் மூன்றாம் பாடத்தில் படித்ததுதான்.

2

வட்டவளைக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில் ஆறு வருடம் வேலை செய்தேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது.

ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு முன்னாலேயே பிள்ளைகள் வந்துவிடும். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். பத்து மணிக்குத் தாய்மார் இறங்கி வந்து, கையைக் கழுவிக்கொண்டு, பால் கொடுத்துவிட்டு மறுபடியும் மலையேறுவார்கள். பின்னேரம் கொழுந்து நிறுக்கத் தாமதமானால் மிஞ்சியிருக்கும் பிள்ளையை என் லயத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவேன். எங்கள் வீட்டுச் சோற்றையே அதற்கும் பிசைந்து ஊட்டுவேன். அந்தத் தாய் கூடையோடு வாசலில் வந்து நின்று, "ஸ்டெல்லாக்கா, புள்ள சாப்பிட்டுச்சா?" என்று கேட்டு வாங்கிப் போவாள். அதற்கு எல்லை மீறல் என்று பெயர் என்பது எனக்கு முப்பத்தாறு வயதில், நான்காம் பாடத்தில்தான் தெரிய வந்தது.

அங்கேயும் பயிற்சி இருந்தது. ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நாள் முழுக்க உட்காருவோம். மத்தியானம் சோற்றுப் பார்சல், பின்னேரம் சான்றிதழ். எழுதுகிற வேலையும் நிறைய இருந்தது. தினக்குறிப்புக் கொப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் ‘குறைபாடுகள்’ என்று ஒரு கட்டம். தொட்டில்களுக்கு மேலே தகரம் ஒழுகுகிறது என்று நான் அதில் மாதம் தவறாமல் எழுதினேன். மாதம் ஒருமுறை தோட்ட நிர்வாகத்திலிருந்து ஓர் ஐயா வந்து, நின்றபடியே பக்கங்களைப் புரட்டி, பச்சை மையால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நான்தான் தொட்டில்களை அவிழ்த்து ஒழுகாத பக்கமாகக் கட்டினேன். தகரத்தை யாரும் தொடவில்லை.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல், ‘இன்று காலை சிறுத்தை ஒன்று வந்து, பிள்ளைகளுக்கு வைத்திருந்த பாலைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போனது’ என்று எழுதி வைத்தேன். அதற்கும் பச்சைக் கையெழுத்து விழுந்தது. அந்தக் கதையைக் கேட்டு எங்கள் மலையில் பெண்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். என்னைக் கண்டால், "அக்கா, புலி வந்துச்சா?" என்று கேட்பார்கள்.

அதே கொப்பியில் சிரிக்க முடியாத ஒன்றையும் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக்காம்பரா கிடையாது. கொழுந்து நிறைய இருக்கும் காலத்தில் ஞாயிறும் வேலை இருக்கும். அப்படி ஒரு ஞாயிறு, கீழ் லயத்தில் ஏழு வயது அக்காவிடம் விட்டுப்போன ஒரு குழந்தை அடுப்பிலிருந்த சுடுதண்ணீர்ச் சட்டியை மேலே இழுத்துக்கொண்டது. பிழைத்துவிட்டது. ஆனால் கழுத்திலிருந்து தோள் வரைக்கும் தோல் சுருங்கிப்போனது. அந்த அக்கா பல நாள் யாரோடும் பேசாமல் இருந்தாள். ஞாயிறும் பிள்ளைக்காம்பராவைத் திறந்தால் நல்லது, நான் வரத் தயார் என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். கீழே இடமில்லாததால் ஐயா பக்கவாட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆகவே கட்டங்களுக்குள் எழுதுவது பற்றி எனக்கு ஒரு முடிவான எண்ணம் இருந்தது. அதை யாரும் வாசிக்கப் போவதில்லை. எழுதினால் நமக்கு மனசு ஆறும், அவ்வளவுதான். மற்ற சாமான்களோடு அந்த எண்ணத்தையும் சேர்த்துக்கட்டி இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

3

இங்கே நான் இருக்கும் ஊரில் தமிழர்களுக்குக் குறைவில்லை, பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்கள். ஆனால் என் மலையகப் பேச்சைக் கேட்டதும், "நீங்கள் இந்தியாவோ?" என்றுதான் கேட்பார்கள். இல்லை, வட்டவளை என்பேன். "ஓ, நுவரெலியாப் பக்கமோ? நல்ல குளிர் என்ன?" என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். நல்ல மனிதர்கள்தான். எங்களைப் பற்றி மேற்கொண்டு என்ன கேட்பதென்று அவர்களுக்குத் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை எங்கள் நிலையத்தின் கோட்டு மாட்டும் நடையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "தம்பி, சப்பாத்தக் கழட்டுங்க. டீச்சர் பாக்குறாங்கல்ல?" என்று மூன்று வயது மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த விளையாட்டுச் சாமானை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ராகலைங்க" என்றாள். இரண்டு பேருக்குமே கண் கலங்கிவிட்டது. பாடத்தில் வரும் வெள்ளைச் சட்டைப் பெண் பார்த்திருந்தால் அங்கேயே காணொளியை நிறுத்தி, என்ன பிழை நடந்தது என்று கேட்டிருப்பார்.

அவள் பெயர் ரஞ்சனி. கணவருடைய குடியேற்றப் பத்திரங்கள் சரிவராமல் அவர் இன்னும் ராகலையிலேயே இருந்தார். இங்கே அவள் இரண்டு பிள்ளைகளோடு தனியாக, ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தாள். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. என் அறைக்கு வந்த மகன் அஷ்வின். மூத்தவள் கீர்த்தனாவுக்கு ஒன்பது வயது. அவளுடைய பள்ளிக்கூடம் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் பின்னேரம் அவளும் தாயோடு வந்து தம்பியைக் கூட்டிப்போவாள். தம்பியின் சப்பாத்தை அவள்தான் மாட்டிவிடுவாள்.

சனிக்கிழமை காலையிலும் ரஞ்சனிக்கு வேலை கொடுத்தார்கள். அன்றைக்கு நாங்கள் மூடியிருப்போம். பிள்ளைகளைச் சனிக்கிழமை மட்டும் என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சனிக்கிழமைகளில் நான் சும்மா வீட்டில்தான் இருப்பேன். ஊராக இருந்தால் அவள் கேட்டிருக்கவே வேண்டாம். ஆனால் நான்காம் பாடம் குறுக்கே நின்றது. இங்கே அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது, வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன். "பரவால்லங்கக்கா" என்றாள். முகம் வாடினாலும் என்மேல் கோபப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமைக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

"கீர்த்தனா பாத்துக்குவாக்கா. நாமெல்லாம் அப்பிடித்தானே வளந்தோம்?"

எட்டு வயதில் என் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டியவள்தான் நானும். அதே நேரம் கீழ் லயத்துக் குழந்தையின் கழுத்தும் கண்முன்னால் வந்தது. கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகொரு நாள் ரஞ்சனி ஏதோ படிவத்தில் கையெழுத்துப் போட அலுவலக அறைக்குள் போயிருந்தாள். கீர்த்தனா நடையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். பெருமையாக ஒரு விஷயம் சொன்னாள். சனிக்கிழமைகளில் அவள்தான் தம்பிக்குப் பால் சுட வைப்பாளாம். யாராவது கதவைத் தட்டினால் தம்பியை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாளாம். "அவன் அழுதா வாயப் பொத்திக்குவேன் ஆன்ட்டி. ஒரு சத்தமும் கேக்காது. இது எங்கம்மாவுக்கே தெரியாது" என்றாள். கதவைத் திறக்காதே என்று மட்டும்தான் தாய் சொல்லியிருக்கிறாள். குளியலறை அவளாகவே கண்டுபிடித்த ஏற்பாடு. கெட்டிக்காரி என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றாள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

4

ஐந்தாம் பாடம் அறிவிக்கும் கடமை பற்றியது. ஒரு பிள்ளைக்கு ஆபத்து இருக்கலாம் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நீங்களே, உடனே அறிவிக்க வேண்டும். இன்னொருவரிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அந்தக் குடும்பம் உங்களுக்கு வேண்டப்பட்ட குடும்பமாக இருந்தாலும் அப்படித்தான். பத்துக் கேள்விக்கும் சரியான விடை எழுதினேன். சட்டம் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

கீழே கட்டம் வந்தது. ஒரு குடும்பத்தோடு உங்களுக்கு இருக்கும் உறவும் உங்கள் கடமையும் ஒன்றோடொன்று மோதிய ஒரு தருணத்தை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. குசினி மேசையில் கணினியை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். வழக்கமாக இருநூறு சொல் எழுத எனக்கு இரண்டு நாள் பிடிக்கும். அன்று ஆங்கிலம் தானாகவே வந்தது. பெயர் ஒன்றும் போடவில்லை. ஒரு தாய், ஒன்பது வயது மகள், மூன்று வயது மகன், சனிக்கிழமை, பால், குளியலறை, பொத்திய வாய். எல்லாவற்றையும் எழுதினேன். நான் மாட்டேன் என்று சொன்னதையும் எழுதினேன். ஐந்து வாரமாக யாரிடமும் சொல்ல முடியாமல் நெஞ்சில் கிடந்ததெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் இறங்கியது.

என் மகள் ஷெரினுக்குப் பதினாறு வயது. என்னோடு அவள் தமிழ் பேசுவது பெரும்பாலும் சாப்பாடு விஷயமாகத்தான் இருக்கும். என் ஆங்கிலத்தைத் திருத்துவது மட்டும் அவளுக்குப் பிடிக்கும். எழுதியதை வாசித்துவிட்டு, இது நிஜமா நடந்ததா என்று கேட்டாள். ஹோம்வொர்க்தானே என்றேன். சரி என்று இரண்டு இடத்தில் திருத்திவிட்டுப் போனாள். நான் பொத்தானை அமுக்கினேன். பல நாளைக்குப் பிறகு அன்று மனசு லேசாக இருந்தது.

வியாழக்கிழமை பதில் வந்தது. அந்தப் பாடங்களுக்குப் பின்னால் உயிரோடு ஒரு ஆள் இருந்திருக்கிறார். நான் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்திருக்கிறார். உங்கள் நேர்மைக்கு நன்றி என்று தொடங்கியிருந்தார். இதை அறிந்த பிறகு சட்டம் உங்களைப் போலவே என்னையும் கட்டுப்படுத்துகிறது, இன்றே நீங்கள் அறிவிக்க வேண்டும், உங்கள் பொறுப்பாளருக்கும் எழுதியிருக்கிறேன் என்று முடித்திருந்தார். பச்சைக் கையெழுத்துப் போட்ட அந்த ஐயாவை நான் அவ்வளவு திட்டியிருக்கிறேன். அன்றைக்கு, அவரே வந்து இதிலும் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

டெப்ரா என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல பெண்மணி. என்னைத் திட்டவில்லை. நீங்கள் ஆலோசனை கேட்டுத்தானே இதை எழுதினீர்கள், அறிவிக்கத்தானே நினைத்திருந்தீர்கள் என்று அவரே எனக்கு ஒரு வழியைக் காட்டினார். ஐந்து வாரம் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் என் உரிமம் போகும். யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன் என்று சொன்னால் அந்த அறையில் யாருக்கு விளங்கும்? ஆமாம், அதற்காகத்தான் எழுதினேன் என்றேன்.

தொலைபேசியை என் முன்னால் தள்ளி வைத்தார். நான்தான் எண்களை அமுக்கினேன். மறுபக்கத்துக் குரல் மிகவும் இதமாகப் பேசியது. ரஞ்சனியின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னது. சொன்னேன். பிள்ளைகளின் பெயர்களையும் சொன்னேன். கதவு தட்டினால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டது. அதையும் சொன்னேன்.

5

அந்தச் சனிக்கிழமையே போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை ரஞ்சனி என்னிடம்தான் ஓடி வந்தாள்.

இரண்டு பேர் வந்து தட்டினார்களாம். உள்ளே சத்தமில்லை. பொலிஸைக் கூப்பிட்டு, மேல் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரப் பெண் மனோவிடம் சாவி வாங்கித் திறந்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் போல நேரே குளியலறைக்குத்தான் போனார்களாம். அதன் தாழ்ப்பாளைத் திறக்க வைக்க வெகுநேரம் ஆயிற்றாம். கீர்த்தனா தம்பியின் வாயிலிருந்து கையை எடுக்கவே இல்லையாம். தொழிற்சாலையிலிருந்து ரஞ்சனியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கொண்டுபோகவில்லை. ஆனால் கோப்பு ஒன்று திறந்துவிட்டார்கள். இனி அலுவலர் ஒருவர் வந்து வந்து பார்ப்பார். சனிக்கிழமை வேலை போய்விட்டது.

"அவரு பேப்பருக்கு இதுனால ஏதும் ஆகுமாக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "மேல இருக்கவதான் சொல்லியிருக்கா. சாவியத் தூக்கிக்கிட்டு மொத ஆளா வந்து நின்னாளாம்" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். யார் அறிவித்தது என்று எந்தக் குடும்பத்தோடும் பேசக் கூடாது என்று டெப்ரா சொல்லியிருந்தார். அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

அந்த மனோ வாரத்துக்கு ஒருநாள் பிள்ளைகளுக்கு என்று பிட்டு அவித்துக் கொடுத்தனுப்புகிறவர். ரஞ்சனி அவரோடு பேச்சை நிறுத்தினாள். அவர் அனுப்பிய தட்டை மூடியைக்கூடத் திறக்காமல் படியில் கொண்டுபோய் வைத்தாள். ஒருநாள் தமிழ்க் கடையில் மரக்கறிப் பக்கம் மனோ என்னை நிறுத்தினார். பிள்ளையின் டீச்சர் என்று என்னைத் தெரியும்.

"பொலிஸ் வந்து நிண்டா கதவைத் திறக்காமல் நான் என்ன செய்யிறது? பிள்ளையள் தனிய இருக்கிறது சத்தியமா எனக்குத் தெரியாது. நீங்கள் ஒருக்கா அவவுக்குச் சொல்லுங்கோ" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்குவது போல் குனிந்துகொண்டேன். எத்தனை கத்தரிக்காய் எடுத்தேன் என்று வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

அலுவலர் ரஞ்சனியிடம், அவசரத்துக்குப் பிள்ளைகளைப் பார்க்க நம்பிக்கையான ஒருவரின் பெயரைக் கேட்டிருக்கிறார். அவள் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். விஷயம் டெப்ராவுக்கு வந்தது. எங்கள் நிலைய விதிப்படி முடியாது என்று என்னையே சொல்லச் சொன்னார். இரண்டாவது தடவையும் ரஞ்சனியிடம் மாட்டேன் என்றேன்.

இதற்கிடையில், நான் டெப்ராவோடு தொலைபேசியில் பேசியதைக் கேட்டு ஷெரினுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஹோம்வொர்க் இல்லையா அது என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "யூ டிட் த ரைட் திங், அம்மா" என்றாள். என்னை நினைத்துப் பெருமைப்படுகிறாளாம். அவள் என்னைக் கட்டிப்பிடித்து எத்தனையோ காலமாகியிருந்தது. நான் எப்படி எழுதினேன், ஏன் எழுதினேன் என்று அவளிடம் சொல்லிக் கையை விலக்க எனக்கு மனம் வரவில்லை.

செய்தது பிழையா என்று நீங்கள் கேட்பீர்கள். என்னையே நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்த பேஸ்மென்டில் ஒரு சனிக்கிழமை பால் சட்டி கவிழ்ந்திருந்தால்? அப்போதும் நான்தான் தெரிந்தும் பேசாதவளாக இருந்திருப்பேன். ஆகவே சொல்லியிருக்கவே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நான் சொல்லத் துணிந்து சொல்லவில்லை. சொல்வதாக இருந்தால் முதலில் ரஞ்சனியின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். அல்லது வேலை போனால் போகட்டும் என்று அந்த இரண்டு பிள்ளைகளையும் சனிக்கிழமை என் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் ஒரு கட்டத்துக்குள் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே வெறுப்பு வருகிறது.

6

மேல் வீட்டுக்காரி முகத்தில் விழித்துக்கொண்டு இனி அங்கே இருக்க முடியாது என்று ரஞ்சனி முடிவு செய்தாள். ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு நகரத்தில் அவளுடைய சித்தப்பா மகள் இருக்கிறாள். அங்கே போவதாகச் சொன்னாள். வேலை, பள்ளிக்கூடம், வீடு எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும். அலுவலரிடம் சொல்லிக் கோப்பையும் அங்கே மாற்றிக்கொண்டாள்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். விதி என்ன சொன்னாலும் சரி, உரிமம் போனாலும் சரி. ஒன்றுமறியாத ஒரு பெண்மேல் பழியைப் போட்டுவிட்டு ரஞ்சனி ஊர் மாறிப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "மனோ அக்கா இல்ல ரஞ்சனி, நான்தான்." இவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். காலையில் அவள் அஷ்வினை விட வந்தபோது, பின்னேரம் போவதற்கு முன்னால் உன்னோடு ஒரு விஷயம் பேச வேண்டும் என்று சொல்லியும் வைத்தேன்.

பின்னேரம் ரஞ்சனி கடைசிப் படிவங்களில் கையெழுத்துப் போட அலுவலக அறைக்குள் போனாள். நான் நடையில் முழங்காலிட்டு அஷ்வினுக்கு ஜாக்கெட்டின் சிப்பைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கீர்த்தனா அவனுடைய மாற்றுத் துணிகளையும் அவன் கிறுக்கிய படங்களையும் ஒரு பைக்குள் அடுக்கினாள். அடுக்கிவிட்டு அலுவலகக் கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"ஆன்ட்டி, பாத்ரூம்ல ஒளியுறத நான் ஒங்ககிட்ட சொன்னேன்ல? அத அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

ஏன் என்று கேட்டேன்.

"நான் வெளிய சொன்னதாலதான அவங்க வந்தாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னோட பேச மாட்டாங்க. மேல் வீட்டு ஆன்ட்டியோட பேசுறதில்லல்ல, அதே மாதிரி."

எத்தனை வாரமாக இதை வைத்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பிள்ளையிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கிறது. அதைச் சொன்னேன். உன்மேல் ஒரு பிழையும் இல்லை என்றேன். இரண்டு தரம் சொன்னேன். அது அவள் காதில் ஏறவே இல்லை. உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"சத்தியம் பண்ணுங்க."

நான் ரஞ்சனியிடம் உண்மையைச் சொன்னால், குளியலறையில் ஒளிவதை உங்களுக்கு யார் சொன்னது என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வியாக இருக்கும். நான் கீர்த்தனாவின் கையில் கையை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அலுவலகக் கதவு திறந்தது. ரஞ்சனி வந்து மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது நீங்கள் ஒருத்திதான் என்றாள். பிறகு நினைவு வந்தவளாக, "என்னமோ பேசணும்னீங்களேக்கா, என்னாங்க?" என்று கேட்டாள்.

கீர்த்தனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல ரஞ்சனி" என்றேன். "வெளிய குளிருது. புள்ளைங்களுக்குத் தொப்பியப் போட்டுட்டுக் கூட்டிக்கிட்டுப் போங்க."